பாதியாய் எண்ணப்பட்ட வாக்கு

2008-ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர் என்று வாக்காளர் பட்டியலில் தம்மைப் பதிவு செய்துகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயங்களைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்பட்டது. ஜனாதிபதி பதவிக்குத் தம் கட்சியின் சார்பில் யார் நிற்க வேண்டும் என்பது ஒன்று. சொந்த வீட்டில் குடியிருப்போருக்குரிய சொத்து வரிச் சலுகையை உயர்த்தும்பொருட்டு மாநிலத்தின் அரசியல் சாசனத்தைத் திருத்தலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே சாவடி, ஒரே வரிசை, ஒரே அதிகாரிகள். சாசனத் திருத்தத்துக்கு விழுந்த வாக்குகள் முழு வாக்குகளாக எண்ணப்பட்டன. திருத்தம் நிறைவேறிச் சாசனத்திலும் ஏறிவிட்டது. வேட்பாளர் யார் என்ற கேள்விக்கு அதே கைகள் அளித்த விடையோ, எண்ணி அறிவிக்கப்பட்டதே தவிர, அதற்குப் பயன் ஒன்றும் இராது என்று வாஷிங்டனிலுள்ள கட்சித் தலைமை ஐந்து மாதங்களுக்கு முன்பே தீர்மானித்திருந்தது. அந்தத் தீர்மானத்தை அறிந்தும் அறியாமலும் ஏறத்தாழ 17.5 லட்சம் பேர் வந்து வாக்களித்துவிட்டுப் போனார்கள்.

கட்சிக்குள் நிகழும் கடும் போட்டியினால் மனம் கசந்துபோன வாக்காளரைப் பற்றி எழுதுவோர், போட்டியாளர்கள் ஒருவரையொருவர் தூற்றிக்கொள்வதே அந்தக் கசப்புக்குக் காரணம் என்றோ, தாம் விரும்பியவர் தோற்றதைப் பொறுக்கமாட்டாத பலவீனமே காரணம் என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்த விளக்கத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோல்வி என்பது தேர்தலோடு உடன்பிறந்தது. நவம்பர் மாதப் பொதுத் தேர்தலில் கோடிக்கணக்கானோர் தோற்கிறார்கள், மறுநாள் தத்தம் வேலைக்குப் போகிறார்கள். உட்கட்சிப் போட்டியில் விளையும் மனக்குமைச்சலோ ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. பிரைமரி என்று அமெரிக்கர் வழங்கும் அந்த ஏற்பாடு, குடிமக்களின் தேர்தலா அல்லது ஒரு சங்கத்தின் உள்விவகாரமா என்ற கேள்விக்கு நூறாண்டுகளாகியும் அந்நாடு திட்டமான விடை சொல்லவில்லை என்பதும், விடை சொல்லாத அந்தக் குறையின் பாரம் முழுவதும் சாவடிக்கு வந்து நிற்கும் சாமானிய வாக்காளரின் தலையிலேயே இறங்குகிறது என்பதும்தான் அதற்கு மூலகாரணம் என்பது என் துணிபு.

நம் நாட்டில் வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையிடமிருந்து வருகிறது. தொண்டன் முணுமுணுக்கலாம், ஆனால் தன்னிடம் கேட்டுவிட்டு ஏமாற்றினார்கள் என்று அவன் சொல்வதற்கில்லை, ஏனெனில் அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. வாக்குச்சீட்டை அச்சிடுவது அரசாங்கம். சாவடியை நடத்துவது அரசாங்க ஊழியர். செலவு பெரும்பாலும் வரிப்பணம். தில்லுமுல்லு நடந்தால் தண்டிப்பது அரசாங்கத்தின் சட்டம். இத்தனைக்கும் பிறகு, அந்த வாக்குகள் எத்தனை பிரதிநிதிகளாக மாறும், அப்பிரதிநிதிகள் கட்சி மாநாட்டில் அமர்வார்களா மாட்டார்களா என்பதை நிர்ணயிப்பது கட்சியின் விதிப்புத்தகம். தேர்தலின் உடல் அரசாங்கத்துக்கும் உயிர் கட்சிக்கும் உரியதாய் இருக்கிற இந்த விசித்திரமான பிறவி எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

விஸ்கான்ஸின் மாநிலத்தில் ரயில்வே கம்பெனிகளும் மரவியாபாரிகளும் கட்சித் தலைவர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு வேட்பாளர்களை நியமித்துவந்த காலத்தில், அந்த அதிகாரத்தை மாநாட்டு மண்டபங்களிலிருந்து பறித்து மக்களிடம் கொடுத்தாலொழிய விமோசனம் இல்லை என்று ராபர்ட் லா ஃபோலெட் என்பவர் பல ஆண்டுகள் பிரசாரம் செய்து, கவர்னராகவும் வந்து, 1904-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நேரடிப் பிரைமரிச் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார். பிற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஆயினும் ஜனாதிபதி வேட்பாளர் விஷயத்தில் மக்கள் சொல்வது ஒன்றாகவும் மாநாடு செய்வது வேறொன்றாகவும் நெடுங்காலம் இருந்துவந்தது. 1912-இல் குடியரசுக் கட்சியின் பிரைமரிகளில் தியடோர் ரூஸ்வெல்ட், பதவியிலிருந்த ஜனாதிபதி டாஃப்டை அவருடைய சொந்த மாநிலமான ஒஹையோவிலேயே தோற்கடித்தார். ஆனாலும் சிகாகோ மாநாட்டைத் தம் கையில் வைத்திருந்த டாஃப்டே வேட்பாளரானார். வெளியேறிய ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார், வாக்குகள் பிளந்தன, மூன்றாமவரான உட்ரோ வில்சன் வென்றார். டாஃப்டுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள்.

தென் மாநிலங்களில் நிகழ்ந்ததோ, இதனினும் கொடிய கதை. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய பல பத்தாண்டுகள் அங்கே ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்குப் பெயரளவில்தான் இருப்பு. ஆகவே நவம்பர்த் தேர்தல் வெறும் சடங்கு, பிரைமரியே மெய்யான தேர்தல். அந்த மெய்யான தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கலாகாது என்று டெக்ஸாஸ் 1923-இல் சட்டமே இயற்றியது. எல்பாஸோ நகரத்து மருத்துவர் நிக்ஸன் வழக்குத் தொடுத்தார். 1927-இல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தை ரத்து செய்தது. உடனே அம்மாநிலம் உறுப்பினர் தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரத்தைக் கட்சியின் நிர்வாகக் குழுவுக்கு வழங்கிற்று; அம்மருத்துவரே மீண்டும் வழக்காட, 1932-இல் அதுவும் விழுந்தது. பிறகு, அரசாங்கம் இதில் தலையிடவே இல்லை, எங்கள் சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்று கட்சி மாநாடே தீர்மானம் போட்டது. 1935-இல் கோர்ட்டு அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது! ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஹூஸ்டன் நகரத்துப் பல்வைத்தியர் லோனி ஸ்மித் என்பவருக்காகத் தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில்தான், அரசாங்கச் சட்டங்களின் துணைகொண்டு நடைபெறும் பிரைமரி அரசாங்கக் காரியமே என்றும், அதில் நிறபேதம் காட்டுவது சாசன விரோதம் என்றும் எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்று 1944-இல் தீர்ப்பாயிற்று.

இந்த வழக்குகளை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'இது எங்கள் உள்விவகாரம்' என்ற ஒரே வாக்கியம், ஒருகாலத்தில் ஓர் இனத்தவர் முழுவதையும் வாக்குரிமையினின்று விலக்கிவைப்பதற்கு உபயோகிக்கப்பட்டது என்பதை நினைவில் கொண்டால்தான், அதே வாக்கியத்தைப் பிற்காலத்தில் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு ஒருவர் உச்சரித்தாலும் கேட்பவரின் நெஞ்சு ஏன் துணுக்குறுகிறது என்பது விளங்கும். கோர்ட்டுகளும் 1944-இல் எய்திய நிலையிலேயே நின்றுவிடவில்லை. கட்சி வேறுபாடின்றி யாரும் வாக்களிக்கலாம் என்ற விஸ்கான்ஸினின் திறந்த பிரைமரி முறைக்குத் தேசியக் கட்சி கட்டுப்பட வேண்டியதில்லை என்று 1981-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அந்த வழக்கில் மாநிலத்தின் சார்பில் நின்ற அட்டர்னி ஜெனரல், பழைய லா ஃபோலெட்டின் பேரனே. 2000-த்தில் கலிபோர்னியாவின் பொதுப் பிரைமரி முறையையும், கட்சியினரின் சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு அது விரோதம் என்று கோர்ட்டு ரத்து செய்தது. கட்சிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை: ஒரு கட்சியின் கொள்கையை வெறுப்பவரும் வந்து அக்கட்சியின் வேட்பாளரைப் பொறுக்கியெடுக்கலாம் என்றால், கட்சி என்ற ஸ்தாபனத்துக்கே பொருள் இல்லாமல் போகும். ஆனால் நிறத்தின் பொருட்டு விலக்கினால் பிரைமரி பொதுக்காரியம், வேறெதன் பொருட்டு விலக்கினாலும் சங்கத்தின் சொந்தக் காரியம் என்ற இந்த இரட்டை நிலை, வாக்காளருக்கு எந்த உறுதியையும் தரவில்லை.

இன்றுள்ள முறை, 1968-ஆம் ஆண்டின் துயரத்திலிருந்து பிறந்தது. வியத்நாம் யுத்தத்தை எதிர்த்து யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் பிரைமரிகளில் போட்டியிட்டார்கள்; ஜூன் மாதத்தில் கென்னடி கொலையுண்டார்; ஆகஸ்டில் சிகாகோவில், வெளியே போலீசார் இளைஞர்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருக்க, ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அந்த அவமானத்தை நீக்குவதற்காக மெக்கவர்ன், ஃப்ரேசர் ஆகியோரின் தலைமையில் அமைந்த கமிஷன், பிரதிநிதிகளை மக்கள் பங்கேற்கும் முறையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரைமரிக்கு மாறின. புதிய விதிகளின்படி 1972-இல் வேட்பாளரான மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். மக்களுக்கு முழு அதிகாரம் கொடுத்தது பிசகோ என்ற சந்தேகம் கட்சிப் பெரியவர்களைப் பிடித்துக்கொண்டது. 1980-இல் கார்ட்டருக்கும் எட்வர்ட் கென்னடிக்கும் நடந்த சண்டையும் அதைத் தொடர்ந்த தோல்வியும் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தின. விளைவு, சூப்பர் டெலிகேட் என்று வழங்கப்பட்ட புதிய வகுப்பு: எம்.பி.க்கள், கவர்னர்கள், தேசியக் குழு உறுப்பினர்கள் ஆகியோர் எந்தப் பிரைமரி முடிவுக்கும் கட்டுப்படாமல் தம் விருப்பப்படி மாநாட்டில் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடு 1984 முதல் அமலுக்கு வந்தது. கொடுத்ததில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டதையும் விதிப்புத்தகத்தின் மூலமே செய்தார்கள்.

இனி 2008-க்கு வருவோம். அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் முதலில் வாக்களிப்பது பழைய சம்பிரதாயமாக இருந்துவந்தது. நெவாடாவையும் தென் கரோலினாவையும் சேர்த்து நான்கு மாநிலங்கள் தவிர வேறெதுவும் பிப்ரவரி 5-க்கு முன் வாக்கெடுப்பு நடத்தக் கூடாது என்று ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு விதித்திருந்தது. தங்கள் மாநிலங்கள் வாக்களிப்பதற்குள் போட்டியே முடிந்துவிடுகிறது என்ற நெடுநாள் ஆதங்கம் ஃபுளோரிடாவுக்கும் மிஷிகனுக்கும் இருந்தது. ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட சட்டசபை தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தது. அதே மசோதாவில் வாக்குகளுக்குக் காகிதச் சான்று வேண்டும் என்ற ஷரத்தும் இருந்தமையால் ஜனநாயகக் கட்சியினரும் ஆதரித்தனர். கவர்னர் சார்லி கிறிஸ்ட் கையொப்பமிட்டார். காகிதச் சான்றை அம்மாநிலத்தார் அவ்வளவு பெரிதாக மதித்ததில் வியப்பில்லை. 2000-ஆம் ஆண்டில் 537 வாக்கு வித்தியாசத்தில் ஒரு ஜனாதிபதி பதவியே தீர்மானமானதையும், பாம் பீச் வட்டாரத்தில் சீட்டின் குழப்பமான அமைப்பினால் ஆயிரக்கணக்கானோரின் எண்ணம் பிறழ்ந்து பதிவானதையும் கண்டு நொந்தவர்கள் அவர்கள்.

விதியை மீறிய மாநிலங்களுக்குப் பாதிப் பிரதிநிதிகளைக் குறைப்பது என்பதே குறைந்தபட்சத் தண்டனை. குடியரசுக் கட்சி அவ்வளவோடு நின்றது. ஜனநாயகக் கட்சியின் விதிகள் குழுவோ 2007 ஆகஸ்டில் ஃபுளோரிடாவுக்கும் டிசம்பரில் மிஷிகனுக்கும் ஒரு பிரதிநிதிகூட இல்லை என்று தீர்த்துவிட்டது. ஃபுளோரிடாவைத் தண்டிப்பதற்குக் கைதூக்கியவர்களில், பிற்பாடு, போட்டியாளர்களில் ஒருவரான ஹிலாரி கிளிண்டனின் ஆலோசகராக நின்று அதே தண்டனையை உக்கிரமாக எதிர்க்கவிருந்த ஹரோல்ட் இக்கஸும் ஒருவர். மிஷிகனில் நடப்பது எதற்கும் கணக்கில் வராது என்று ஹிலாரியே அந்த இலையுதிர் காலத்தில் ஒரு வானொலிப் பேட்டியில் சொல்லியிருந்தார். விதியைத் தளர்த்தினால் தமக்கு நஷ்டம் என்ற நிலை வந்தபோது, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஒபாமாவின் தரப்பினர் விதியின் புனிதத்தைப் பற்றிப் பேசினார்கள். விதி நின்றால் தமக்கு நஷ்டம் என்ற நிலை வந்தபோது ஹிலாரி தரப்பினர் வாக்கின் புனிதத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு புனிதங்களும் மெய்யானவையே. ஆயினும் அவற்றைப் பேசியவர்கள் தத்தம் லாபத்தை ஒட்டியே பேசினார்கள் என்பதை வாக்காளர் காணாமலில்லை.

மிஷிகனின் ஜனவரி 15 வாக்குச்சீட்டு தனியே பார்க்கத்தக்கது. ஒபாமாவும் மற்றொரு போட்டியாளரான எட்வர்ட்ஸும் தம் பெயர்களை விலக்கிக்கொண்டிருந்தனர், ஹிலாரி விலகவில்லை. எஞ்சியிருந்த சில சிறிய பெயர்களோடு, 'எவருக்கும் உறுதியளிக்காதவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒபாமாவை விரும்பியவர், சீட்டில் அவர் பெயரைக் கைப்பட எழுதினால், முறைப்படி அதற்கு மனுச் செய்யப்படாத காரணத்தால் அந்த வாக்கு செல்லாது. ஆகவே அவர் யாருமில்லாத அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும். எட்வர்ட்ஸை விரும்பியவரும் அதே கட்டத்தில். ஒருவரையும் விரும்பாதவரும் அதே கட்டத்தில். அங்கே ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் குறியிட்டார்கள். ஹிலாரிக்கு நூற்றுக்கு 55. இந்தச் சீட்டிலிருந்து மக்களின் எண்ணம் இன்னது என்று பிற்பாடு யார் எப்படிக் கணித்தாலும் அது ஊகமாகவே இருக்கும் என்பதில் ஐயமில்லை. வசந்த காலத்தில் இரு மாநிலங்களிலும் மறு வாக்கெடுப்பு நடத்தும் யோசனைகள் எழுந்து, செலவு யாருடையது, முறை எது, யாருக்கு அனுகூலம் என்ற தர்க்கங்களில் சிக்கி மடிந்தன.

மே 31 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், 30 உறுப்பினர் கொண்ட விதிகள் குழு பகிரங்கமாகக் கூடிற்று. வெளியே, எல்லா வாக்குகளையும் எண்ணுங்கள் என்ற பதாகைகளோடு ஆட்கள் நின்றார்கள். உள்ளே பார்வையாளர் பகுதியில் இரு தரப்பினரும் கைதட்டியும் கூச்சலிட்டும் குழுவினரைப் பேசவொட்டாது செய்தார்கள். மிஷிகனின் 128 பிரதிநிதிகளில் 73 பேர் தமக்குரியவர் என்றது ஹிலாரி தரப்பு. ஆளுக்குச் சரிபாதியாக 64 என்றது ஒபாமா தரப்பு. இரண்டுக்கும் நடுவே 69, 59 என்று மாநிலக் கட்சி ஒரு கணக்கைக் கொண்டுவந்தது. அதை 19-க்கு 8 என்ற வாக்கில் குழு ஏற்றுக்கொண்டது. ஃபுளோரிடாவுக்கு வாக்குகளின்படியே ஹிலாரிக்கு 105, ஒபாமாவுக்கு 67, எட்வர்ட்ஸுக்கு 13 என்று பங்கிடப்பட்டது. இரு மாநிலங்களின் பிரதிநிதிகளும் மாநாட்டில் ஆளுக்கு அரை வாக்கே பெறுவார்கள் என்றும் தீர்ப்பாயிற்று.

மனிதனை முழு மனிதனாக எண்ணாமல் பின்னமாக எண்ணிய வடு, அந்தத் தேசத்தின் சாசனத்தில் ஆதியிலேயே உண்டு. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்ட ஷரத்து அது. நூற்றாண்டுகள் கடந்து, முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவரோ ஒரு பெண்மணியோ பெரிய கட்சியின் வேட்பாளராகப் போகிறார் என்ற மகத்தான சந்தர்ப்பத்தில், வாக்குகள் மறுபடியும் பின்னமாயின. இரண்டையும் சமமாக்கி நான் பேசவில்லை. முன்னது பாதகம், பின்னது நிர்வாகச் சமரசம். ஆனாலும் மே 31 அன்று மிஷிகன் விஷயத்தில் நடந்தது, அரைவாக்கு என்பதைவிட ஆழமான பிசகு. நடந்த தேர்தலின் முடிவை ஏற்றிருக்கலாம்; அல்லது முதலில் சொன்னபடியே முழுவதும் நிராகரித்திருக்கலாம். அவ்விரண்டையும் விட்டு, போடப்படாத வாக்குகளைப் போடப்பட்டனவாகப் பாவித்து, அறையில் உட்கார்ந்து ஒரு முடிவை இயற்றினார்கள். நான்கு பிரதிநிதிகள் இங்குமங்கும் போனதனால் யாருடைய வெற்றியும் மாறவில்லை என்பது மெய், கணிதத்தில் மாறவில்லை. ஆனால் தன் வாக்கு இன்னதென்று அறிந்திராத ஒரு குழு தனக்காக அதை ஊகித்துச் சொல்லலாம் என்று கண்ட வாக்காளனுக்கு, அடுத்த முறை வரிசையில் நிற்பதற்கு எதைச் சொல்லித் தைரியமூட்டுவது?

விதியை மீறாத மாநிலங்களிலும் நிலைமை தெளிவாக இல்லை. டெக்ஸாஸில் மார்ச் 4 அன்று பகலில் பிரைமரியும், சாவடி மூடிய பிறகு இரவில் காக்கஸ் என்னும் வட்டாரக் கூட்டமும் நடந்தன. பகலில் வாக்களித்தவர், தாம் வாக்களித்ததற்கான அடையாளத்தோடு ஏழே கால் மணிக்கு மீண்டும் வந்து, பள்ளிக்கூடத்திலோ மாதா கோவில் மண்டபத்திலோ பெரும் வரிசையில் நின்று, பெயர், விலாசம், ஆதரிக்கும் வேட்பாளர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரி, நிற்கமாட்டாத முதியவர் ஆகியோருக்கு இந்த இரண்டாம் வாக்கு இல்லை. ஆண்டுக்கணக்காகச் சில பேரே வந்துகொண்டிருந்த கூட்டங்களுக்கு அன்று வெள்ளம்போல் ஜனங்கள் வந்ததால், தாள் போதாமல், நடத்துவதற்கு ஆள் போதாமல், நள்ளிரவு வரை குழப்பம் நீடித்தது. பகல் வாக்கில் ஹிலாரி ஏறத்தாழ ஒரு லட்சம் வாக்குகள் அதிகம் பெற்று 65-க்கு 61 என்று பிரதிநிதிகளைப் பெற்றார். இரவுக் கூட்டங்களில் ஒபாமா 38-க்கு 29 என்று வென்றார். கூட்டிப் பார்க்க 99-க்கு 94 என்று ஒபாமாவே முந்தினார். நெவாடாவிலும் அவ்வாறே, வட்டார மாநாடுகளுக்கான பிரதிநிதிக் கணக்கில் ஹிலாரியும் தேசிய மாநாட்டுக்கான பிரதிநிதிக் கணக்கில் அன்றைய கணிப்பின்படி 13-க்கு 12 என்று ஒபாமாவும் வென்றார்கள்.

இதற்கெல்லாம் சூழ்ச்சி காரணமில்லை. வகுத்தல் கணக்கே காரணம். ஒரு வட்டாரத்துக்கு நான்கு பிரதிநிதிகள் என்றால், இருவர் போட்டியில் நூற்றுக்கு 60 வாக்குகள் வாங்கினவரும் இருவரையே பெறுவார், 40 வாங்கினவரும் இருவரையே பெறுவார். மூன்றாமவரைப் பெற 62.5-ஐத் தாண்ட வேண்டும். மூன்று பிரதிநிதிகள் உள்ள வட்டாரத்திலோ ஒற்றை வாக்கு அதிகம் பெற்றாலே இரண்டுக்கு ஒன்று. வட்டாரத்துக்கு எத்தனை என்பதும் முந்திய தேர்தல்களில் கட்சிக்கு அங்கே விழுந்த வாக்குகளைப் பொறுத்தது. இந்த நுட்பத்தை ஒபாமாவின் பிரசார நிர்வாகிகள் தொடக்கத்திலேயே நன்கு கற்றுக்கொண்டு, காக்கஸ் நடக்கும் சிறு மாநிலங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். அது சாமர்த்தியம், குற்றமல்ல. ஆயினும், வாக்களித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு கணக்கினால் முடிவு தலைகீழாவதை நியாயம் என்று அவர்களை ஒப்புக்கொள்ளச் செய்வது எளிதன்று.

அவ்வாண்டின் வாக்காளர் சமூகத்தில் இரு பெருங்கூட்டத்தாரின் மனநிலையை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. தாய்மார் காலத்தில் ஆபீஸ் வாசல்படி ஏறவே தயங்கிய பெண்குலம், தம் ஆயுளுக்குள் ஒரு பெண் ஜனாதிபதியைக் காண்போம் என்று காத்திருந்து, ஒரு கோடியே எண்பது லட்சம் வாக்குகளின் அருகில் வந்து நின்று, ஹோட்டல் மண்டபத்துக் கூட்டல் கழித்தல்களைப் பார்த்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் எழுதச் சென்றதற்காகவே அடிபட்ட தலைமுறையைச் சேர்ந்த கறுப்பின மக்கள், தம்மில் ஒருவர் வெளிப்படையான போட்டியில் முன்னே நிற்கையில், சூப்பர் டெலிகேட் என்ற பெரிய மனிதர்கள் சேர்ந்து அதைத் தட்டிப் பறித்துவிடுவார்களோ என்று மாதக்கணக்கில் அஞ்சினார்கள். இரு கூட்டத்தாரும் ஒரே கட்சியினர். இரு தரப்பினரின் அச்சத்துக்கும் காரணமாக இருந்தது ஒரே விதிப்புத்தகம். இதைச் சொல்லி ஆற்றியிருக்க வேண்டிய கட்சியும் பத்திரிகைகளும், பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே சண்டை என்று கதை கட்டி, புண்ணைப் பெரிதாக்கின என்பதை நினைக்கும்தோறும் வருத்தமே மிஞ்சுகிறது.

ஜூன் 7 அன்று ஹிலாரி விலகி ஒபாமாவை ஆதரித்தார். டென்வர் மாநாட்டின் தொடக்கத்தில், ஒபாமாவின் வேண்டுகோளின் பேரிலேயே, ஃபுளோரிடாவுக்கும் மிஷிகனுக்கும் முழு வாக்கும் திருப்பித் தரப்பட்டது. ஆகஸ்ட் 27 அன்று ஹிலாரியே எழுந்து ஒருமனதாக ஒபாமாவைத் தேர்ந்தெடுக்கும்படி பிரேரித்தார். வாக்கினால் ஒன்றும் மாறாது என்று நிச்சயமான பிறகே வாக்கு முழுமை பெற்றது. ஒருபோதும் ஒபாமாவுக்கு வாக்களியோம் என்று சபதமிட்டவர்கள் உண்டு. எனினும் நவம்பரில் ஹிலாரியை ஆதரித்தவர்களில் பெரும்பான்மையோர் கட்சியோடுதான் நின்றார்கள். ஃபுளோரிடா, மிஷிகன் இரண்டிலும் ஒபாமாவே வென்றார். பிளவுபட்ட போட்டி கட்சியைத் தோற்கடித்துவிடும் என்ற பழைய பயத்துக்கு இது நல்ல மறுப்பு. ஆனால் அந்த வெற்றியே, முறையைச் சீர்திருத்த வேண்டும் என்ற அவசரத்தையும் மழுங்கச் செய்துவிட்டது.

ஆகவே எட்டாண்டுகள் கழித்து அதே புண் வேறிடத்தில் திறந்தது. 2016 ஏப்ரல் 19 அன்று நியூயார்க் மாநிலப் பிரைமரியில் வாக்களிக்க வேண்டுமானால், ஏற்கெனவே பதிவு பெற்றவர் கட்சியை மாற்றிக்கொள்வதற்குக் கடைசி நாள் முந்திய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்துபோயிருந்தது. ஹிலாரியை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸுக்கு வாக்களிக்க விரும்பிய, எக்கட்சியையும் சாராத இளைஞர் பல்லாயிரவர் வாசலிலேயே நின்றார்கள். மறு கட்சியில் டொனால்ட் டிரம்பின் மக்களில் இருவர் தம் தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போனது உலகறிந்த செய்தி. ஜூன் 7 அன்று கலிபோர்னியா வாக்களிக்க இருந்தது; முந்தின இரவே, சூப்பர் டெலிகேட்டுகளின் ஆதரவைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஹிலாரி வென்றுவிட்டார் என்று ஒரு செய்தி நிறுவனம் அறிவித்தது. ஜூலையில் தேசியக் குழு அலுவலர்களின் மின்னஞ்சல்கள் கசிந்து, நடுநிலை காக்க வேண்டியவர்கள் சாண்டர்ஸுக்கு எதிராக எழுதிக்கொண்டது அம்பலமாகி, குழுவின் தலைவி பதவி விலகினார். 2018-இல் கட்சி, முதற்சுற்று வாக்கெடுப்பில் சூப்பர் டெலிகேட்டுகள் வாக்களிக்கலாகாது என்று விதியை மாற்றிற்று. 1984-இல் திரும்ப எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதியை மீண்டும் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

பரிகாரமாக அறிஞர்கள் பல திட்டங்களைச் சொல்கிறார்கள். தேசம் முழுவதற்கும் ஒரே நாள், மாநிலங்களைச் சுழற்சி முறையில் முன்வைப்பது, வரிசைப்படுத்தி வாக்களிப்பது என்று அவை விரியும். அவற்றின் குணதோஷங்களில் எனக்கு இங்கே அக்கறையில்லை. அரசாங்கச் சீட்டில், அரசாங்கச் சாவடியில், பொதுமக்களை அழைத்துக் கேட்கும் கேள்விக்கு அவர்கள் சொல்லும் விடையின் மதிப்பு இன்னது என்பது, அழைப்பதற்கு முன்னரே நிர்ணயமாகி, பின்னர் எக்காரணம் பற்றியும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அரசாங்கமும் கட்சியும் தேதியில் உடன்படவில்லையானால் கட்சி தன் செலவில் தன் வாக்கெடுப்பை நடத்திக்கொள்ளட்டும். இருவரின் தகராறுக்கு நடுவே வாக்காளரைச் சாட்சியாகக்கூட இழுத்து நிறுத்தலாகாது. இதற்குச் சாசனத் திருத்தம் தேவையில்லை. இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும்.

அந்த விட்டுக்கொடுத்தல் இதுவரை நிகழவில்லை. 2024-இல் தென் கரோலினாவே முதலில் வாக்களிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு விதித்தது. தன் பிரைமரியே நாட்டில் முதலாவதாக நடக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் நியூ ஹாம்ப்ஷயர், ஜனவரி 23 அன்று வாக்கெடுப்பை நடத்தியே தீர்ந்தது. பதவியிலிருந்த ஜனாதிபதி பைடனின் பெயர் சீட்டில் இல்லை. அவருடைய ஆதரவாளர்கள் பெயரைக் கைப்பட எழுதி அவரை வெல்லச் செய்தார்கள். அதற்கு முன்பே, நடக்கப்போகும் வாக்குப்பதிவு அர்த்தமற்றது என்றும், வாக்காளருக்கு அதை எடுத்துச்சொல்லும்படியும் விதிகள் குழு மாநிலக் கட்சிக்குக் கடிதம் எழுதியிருந்தது. அவ்வாறு சொல்வது வாக்காளரைத் தடுக்கும் குற்றமாகக் கருதப்படும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் தேசியக் குழுவுக்கு எச்சரிக்கை அனுப்பிற்று. வசந்த காலத்தில் கட்சியே தனியாக ஒரு சிறு வாக்கெடுப்பை நடத்தி விதியைப் பூர்த்தி செய்துகொள்ள, நியூ ஹாம்ப்ஷயரின் பிரதிநிதிகள் ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் போய் அமர்ந்தார்கள்.